வாடிய தக்காளிக்கு வைத்தியம் வேண்டாம்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாடிய தக்காளிச் செடியைக் கண்டால் சும்மா கடந்து போக மாட்டார்கள். கையில் இருப்பதை ஊற்றுவார்கள். காஞ்சொறி இலை ஊறிய நாற்றத் தண்ணீர், ஆட்டுப் புழுக்கைக் கரைசல், மோர், அடுப்புச் சாம்பல், எது கிடைத்தாலும் சரி. யாருடைய செடி என்று கேட்கவும் மாட்டார்கள். பல்கேரியாவில் இப்படிப்பட்ட ஊர்கள் நிறைய உண்டு. எங்கள் ஊரில் கொஞ்சம் அதிகம்.

இந்த வியாதியால் ஒரு பதினொரு வயதுப் பெண் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

அவள் பெயர் நெவ்யானா. ஐந்தாம் வகுப்பு. அவள் அப்பா தோன்ச்சோ திராட்சை பயிரிடுகிறவர். பள்ளிக்கூட வேலியை ஒட்டி அவருடைய திராட்சைக் கொடிகள் வரிசையாக நிற்கும். வேலிக்கு எதிர்ப்பக்கம் என் வீட்டு மதில். நடுவில் இருக்கும் நீளமான இடத்தில்தான் அந்த வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தக்காளிப் பாத்தி போட்டார்கள். பழைய பாத்தி இருந்த மூலையில் கூடைப்பந்து வளையம் நட்டுவிட்டார்களாம். பந்து முக்கியமா தக்காளி முக்கியமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

செப்டம்பரில் பள்ளி திறந்ததும் அந்தத் தக்காளியைச் சிவப்புக் குடைமிளகாயோடு அண்டாவில் போட்டு, பள்ளி முற்றத்திலேயே தொக்கு காய்ச்சுவார்கள். ஊரே ரொட்டியும் கையுமாக வந்து நிற்கும். அதனால் அந்தப் பாத்தி பிள்ளைகளுடைய பாத்தி மட்டும் இல்லை. எல்லோருடைய வாயும் அதன்மேல்தான்.

ஏப்ரல் நடுவிலேயே நட்டார்கள். செடிகள் ஜோராக நிமிர்ந்தன. பிறகு ஒருநாள் தலை தொங்கின. தண்ணீர் ஊற்றினால் இன்னும் தொங்கின. மாதக் கடைசிக்குள் பாதிச் செடி செத்துப் போனது.

ஊர் கூடிவிட்டது. மதிலுக்கு மேலே தலையை நீட்டி நானும் பார்த்தேன்.

மின்ச்சோதான் முதலில் கத்தினான். அவனும் நானும் ஒரே வயசு. கடை பெஞ்சில் தினமும் ஒன்றாக உட்கார்ந்து பகடை உருட்டுகிறோம், தினமும் அவன் ஏமாற்றுகிறான். அவன் ஒரு செத்த செடியைப் பிடுங்கி இலையைத் தூக்கிக் காட்டினான். இலைமேல் நீலப் புள்ளிகள்.

"பாத்தீங்களா? மயில்துத்தம்! தோன்ச்சோ கொடிக்கு மருந்தா அடிக்கறது காத்துல பறந்து இங்க விழுது. சுண்ணாம்பைக் கம்மியா போட்டு, துத்தத்தைக் கையால அள்ளிப் போட்டுக் கலக்குவான். பச்சப் புள்ளைங்க வச்ச செடி கருகிப் போச்சே!"

தோன்ச்சோவுக்கு முகம் சிவந்துவிட்டது. நல்ல மனுஷன்தான். ஆனால் கோபம் வந்தால் வாய்க்கும் புத்திக்கும் தொடர்பு இருக்காது.

"எங்கப்பா காலத்துலேருந்து அளந்து கலக்கறோம் நாங்க! என் துத்தம்தான் கொன்னுதுன்னு ஆச்சுன்னா, இந்த வரிசை மொத்தத்தையும் நானே வேரோட புடுங்கி எறியறேன். போதுமா?"

"போதும்" என்றான் மின்ச்சோ.

பவ்லினா டீச்சர் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "கத்தாதீங்க. பள்ளிக்கூடம் முடிஞ்சு ஜூன்ல லீவு விடற அன்னிக்குப் பெத்தவங்க கூட்டம் இருக்கு. அன்னிக்கு முடிவு பண்ணலாம்."

மறுநாளே நெவ்யானாவுக்கு வகுப்பில் ஒரு புதுப் பெயர் வந்துவிட்டது. வைத்தவன் மின்ச்சோவின் பேரன் காலின்.

"ஏய் துத்தம்! தள்ளி உக்காரு. உன் பக்கத்துல உக்காந்தா நாங்களும் வாடிடுவோம்."

அவள் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. வீட்டுக்குப் போனால் அப்பா, வேலியோரக் கொடிகளைத் தடவிக்கொண்டு நிற்பார். நாக்கு சொன்ன சொல்லை இனி எப்படித் திரும்ப வாங்குவது?

நெவ்யானா அழவில்லை என்று சொல்ல மாட்டேன். அழுதாள், மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அழுது முடித்துப் பாத்திக்குப் போய்ச் செடி செடியாகப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"வெல்கோ தாத்தா! துத்தம் எங்க வேலியிலேருந்துதானே பறந்து வரும்?"

"பின்னே? வானத்துலேருந்தா?"

"அப்போ எங்க வேலிகிட்ட இருக்கற செடிதானே முதல்ல சாகணும்? அங்க எல்லாம் நல்லாத்தான் நிக்குது. உங்க மதில்கிட்ட இருக்கறதுதான் செத்திருக்கு."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஆனால் நான் சட்டென்று எதையும் நம்புகிற ஆள் இல்லை. "தற்செயலா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அவள் விடவில்லை. வீட்டில் மிச்சம் இருந்த தக்காளி நாற்றில் இரண்டை எடுத்தாள். ஒன்றைத் தயிர் டப்பாவில் நட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். மற்றதை வாளியில் நட்டு முற்றத்தில் வைத்து, அப்பாவின் பீப்பாயிலிருந்து துத்தம் எடுத்து அடித்தாள். ஒரு வாரத்தில் துத்தம் அடித்ததுதான் செழிப்பாக இருந்தது. பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

காலின் விழுந்து விழுந்து சிரித்தான். "ஒண்ணு வாளியில கால் நீட்டிப் படுத்திருக்கு. இன்னொண்ணு டப்பாவுல முட்டி மடக்கி உக்காந்திருக்கு. ஒண்ணுக்கு வெயில், ஒண்ணுக்கு ஜன்னல். இதுல துத்தம் என்ன பண்ணுச்சுன்னு உனக்கு எப்படிடி தெரியும்?"

நெவ்யானா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பயல் சொன்னது சரி.

"சரிதான்டா" என்றாள். காலினுக்கே ஆச்சரியம். சண்டை போடுவாள் என்று நினைத்திருந்தான்.

இரண்டாவது முறை எல்லாம் தயிர் டப்பா. எல்லாவற்றிலும் அடியில் ஓட்டை. எல்லாம் ஒரே உயர நாற்று. எல்லாம் வீட்டு வாசல் மதில்மேல், ஒரே வரிசையில். இந்தத் தடவை மண்ணையும் சேர்த்துச் சோதிக்க நினைத்தாள். பாதி டப்பாவில் கூடைப்பந்து வளையத்தடியில் தோண்டிய பழைய பாத்தி மண், பாதியில் என் மதிலோரப் புதுப் பாத்தி மண். ஒவ்வொரு மண்ணிலும் பாதிக்குத் துத்தம் உண்டு, பாதிக்கு இல்லை.

வாசல் மதில் தெருவைப் பார்த்தது. அங்கேதான் தப்பு நடந்தது.

சில டப்பாக்களில் செடி கொஞ்சம் தலை சாய்ந்தது. அவ்வளவுதான். கடைக்காரி ஸ்தான்கா காஞ்சொறித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள். தபால்காரர் மோர் ஊற்றினார். நெவ்யானாவின் சொந்த அம்மாவே சாம்பல் தூவினாள். யாரோ ஒரு புண்ணியவான் புழுக்கையைக் குவித்து வைத்துவிட்டான். சில செடி எழுந்தது, சில செடி வெந்து போனது. எது எதனால் என்று கடவுளுக்கே தெரியாது.

"அம்மா! ஏம்மா தொட்டே?"

"பாவம்டி, வாடிக் கிடந்துது. பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா போறது?"

அன்று சாயங்காலம் நெவ்யானா என் கதவைத் தட்டினாள்.

"தாத்தா, ஊர்லயே யாரையும் நம்பாத ஆள் நீங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க."

"எவன் சொன்னான்?"

"பாத்தீங்களா, அதையே நம்ப மாட்டேங்கறீங்க. நீங்கதான் எனக்குக் காவலுக்கு வேணும்."

"உன்னையும் நான் நம்ப மாட்டேன். உங்கப்பனைக் காப்பாத்த நீயே ஏதாவது பண்ணுவே."

"அதான் வேணும்! நான் தப்புப் பண்ணினாலும் கையைப் புடிங்க. மின்ச்சோ தாத்தாவையும் கூப்பிட்டிருக்கேன். அவரு எங்கப்பாவை நம்ப மாட்டாரு. நீங்க அவரை நம்ப மாட்டீங்க. உங்க ரெண்டு பேரையும் தாண்டி யாரு ஒரு சொட்டு ஊத்த முடியும்?"

என் எழுபத்து நான்கு வயதில் என்னுடைய சந்தேகப் புத்தியை யாரும் நல்ல குணமாகப் பேசியதில்லை. கதவைச் சாத்தவேண்டும் என்றுதான் நினைத்தேன். "காலையில எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

இடம் ஸ்தான்கா கடை முன்னால், எங்கள் பெஞ்சுக்கு எதிரே ஒரு மேஜை. நெவ்யானா புதிதாக டப்பாக்களை நிரப்பி வந்தாள். எந்த மண் எதில் என்று டப்பாவின் அடியில் குறி போட்டுவிட்டாள், எங்களுக்குத் தெரியாது. துத்தம் அடித்தது மட்டும் நீலப் புள்ளியால் தெரிந்தது. ஒவ்வொரு வகையிலும் நாலைந்து டப்பா.

"எதுக்கு இத்தனை? வகைக்கு ஒண்ணு போதாதா?" என்றான் மின்ச்சோ.

"ஒண்ணை வச்சு முடிவு சொல்லக் கூடாது தாத்தா. ஒரு செடி சும்மாவே செத்துப் போகலாம். உங்களைப் பாத்துட்டுப் பகடை உருட்டற எல்லாரும் ஏமாத்தறவங்கன்னு சொல்லலாமா?"

நான் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது.

ஸ்தான்காவின் காபிக் கோப்பையால் டப்பாவுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர். மேஜையின் ஒரு முனையில் கூரை நிழல் விழும் என்பதால் தினமும் டப்பாக்களை இடம் மாற்றி வைத்தாள். பிறகு பள்ளிக்குப் போவாள். நாங்கள் காவல்.

காவல் என்றால் சாதாரணக் காவல் இல்லை. ஸ்தான்கா கையில் குவளையோடு வெளியே வந்தாலே "குவளையில என்ன?" என்று கேட்டேன். "என் காபிய்யா, மனுஷா!" என்று கத்தினாள். முகர்ந்து பார்த்த பிறகுதான் விட்டேன். தபால்காரர் மேஜைப் பக்கம் வராமல் சுற்றிப் போனார். நான் கழிப்பறைக்குப் போனால் மின்ச்சோ பார்த்தான். மின்ச்சோ போனால் நான் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் ஒருவன் பொறுத்துக்கொண்டான்.

ஜூன் முதல் தேதி வந்தது. மாதம் பிறந்தால் கவ்ரில் பாதிரியார் துளசிக் கொத்தும் செம்புமாகக் கிளம்பி வீடு, கடை, ஆடு, கார் எல்லாவற்றுக்கும் புனித நீர் தெளிப்பார். கடைக்கு வந்தார். அப்போது பள்ளி இடைவேளை, நெவ்யானாவும் காலினும் அங்கே இருந்தார்கள். சில செடிகள் தலை சாயத் தொடங்கியிருந்தன. பாதிரியார் கண் அங்கே போயிற்று. கொத்தை நனைத்தார், கையை ஓங்கினார்.

"நிறுத்துங்க!" என்றேன்.

"என்ன வெல்கோ? கடவுள் தண்ணியையுமா நம்ப மாட்டே?"

"கடவுளை நம்பறேன். உங்க கையைத்தான் நம்பலை. வாடினதுக்கு மட்டும்தானே தெளிக்கப் பாத்தீங்க?"

"பின்னே, நல்லா இருக்கறதுக்கு எதுக்கு?"

கடைக்குள் இருந்தவர்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். பாதிரியாரைத் தடுப்பது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. நெவ்யானா முன்னால் வந்தாள். கையில் ஒரு தேக்கரண்டி.

"சாமி, வேண்டாம்னு சொல்லலை. ஆனா எல்லாத்துக்கும் ஒரே அளவு. ஒண்ணுக்குக் கெடைச்சு இன்னொண்ணுக்குக் கெடைக்கலேன்னா, அப்புறம் பொழைச்சது மண்ணாலயா தண்ணியாலயான்னு தெரியாது."

பாதிரியார் தாடியைச் சொறிந்தார். பிறகு கொத்தைச் செம்பில் போட்டுவிட்டுக் கரண்டியை வாங்கினார். டப்பா டப்பாவாக ஒரு கரண்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆசீர்வாதம்.

"சாமி, அந்த நாலாவதுக்குக் கொஞ்சம் தளும்பிடுச்சு" என்றான் காலின்.

பாதிரியார் அவனை முறைத்தார். மற்ற எல்லாவற்றுக்கும் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

அன்றிலிருந்து காலின் எங்களோடு பெஞ்சில் உட்கார ஆரம்பித்தான். "துத்தம்" என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் குரல் மாறியிருந்தது.

வாடிய செடிகள் வாடிக்கொண்டே போயின. நன்றாக இருந்தவை நன்றாகவே இருந்தன. ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் நெவ்யானா டப்பாக்களைத் தூக்கி அடியைக் காட்டினாள். பழைய பாத்தி மண்ணில் இருந்தவை எல்லாம், நீலப் புள்ளி உள்ளதும் இல்லாததும், காது விடைத்த முயல் மாதிரி நிமிர்ந்து நின்றன. புதுப் பாத்தி மண்ணில் இருந்தவை எல்லாம், புள்ளி உள்ளதும் இல்லாததும், தொங்கிக் கிடந்தன.

"துத்தம் இல்லை" என்றான் காலின் மெதுவாக. "தாத்தா, துத்தம் இல்லை!"

மின்ச்சோ தொண்டையைக் கனைத்தான். "சரி, மண்ணுல என்ன இருக்காம்?"

நெவ்யானா ஒரு வாடிய டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினாள். மண்ணுக்குள்ளே கருத்த வேர்த் துண்டுகள். தக்காளி வேர் வெள்ளையாக இருக்கும். இது அது இல்லை. நான் ஒன்றை எடுத்து நகத்தால் கீறினேன். வாசனை வந்தது. விரல் மஞ்சளாகிப் பழுப்பாயிற்று.

அந்தக் கறையை நான் வருடா வருடம் பார்க்கிறேன். அக்ரூட், அதாவது வால்நட் காயின் பச்சைத் தோலை உரிக்கும்போது பட்டால் இரண்டு வாரம் கையை விட்டுப் போகாது.

ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அக்ரூட் மரம்தான். என் முற்றத்தில்.

அக்ரூட் மரத்தடியில் ஒன்றும் உருப்படாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நிழலால் என்று நினைத்திருந்தோம். மரத்து நிழலோ என் முற்றத்தில்தான் விழும், பாத்தியில் நாள் முழுக்க வெயில். அதனால் மதிலுக்கு அடியில் நுழைந்து வரும் வேரில் விஷம் இருக்கும் என்று ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கே வரவில்லை, அப்புறம் யாருக்கு வரும்?

வேரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மின்ச்சோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மரம்" என்றேன். "ஆனா வேரைப் பாத்த உடனே நான் நம்ப மாட்டேன். சோதிச்சுக் காட்டு."

நெவ்யானா முகம் மலர்ந்தது. நல்ல மண்ணில் இருந்த செடிகளை எடுத்தாள். பாதி டப்பாவில் அக்ரூட் வேரை நறுக்கிப் புதைத்தாள். மீதி டப்பாவில் பிளம் வேரை நறுக்கிப் புதைத்தாள்.

"அது எதுக்கு, பிளம்?" என்றேன்.

"இல்லேன்னா, மண்ணைக் கிளறினதாலதான் வாடிச்சுன்னு நீங்களே சொல்லுவீங்க."

சொல்லியிருப்பேன்.

பள்ளி முடியும் நாள் வந்தது. முற்றத்தில் ஊரே நின்றது. தோன்ச்சோ மண்வெட்டியோடு வந்திருந்தார். சொன்ன சொல்லை மீறுகிற ஆள் இல்லை அவர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கடையிலிருந்து பள்ளிவரை வரிசையாக நடந்து வந்தார்கள். முன்னால் நெவ்யானா. பின்னால் நாங்கள் இருவர், கடைசி நேரத்தில் எவனும் எதையும் ஊற்றிவிடாதபடி பார்த்துக்கொண்டு.

மேஜையில் வைத்தார்கள். பிளம் வேர் போட்டவை நிமிர்ந்து பூவே விட்டிருந்தன. அக்ரூட் வேர் போட்டவை ஒன்று விடாமல் தொங்கின.

பவ்லினா டீச்சர் குனிந்து பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். "தோன்ச்சோ, மண்வெட்டியைக் கீழ வைங்க" என்றார்.

பிள்ளைகள் கத்திய கத்தலில் புறாக்கள் கூரையை விட்டுப் பறந்தன. "துத்தம்! துத்தம்! துத்தம்!" என்று காலின்தான் தொடங்கி வைத்தான். தோன்ச்சோ மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவள் மகாராணி மாதிரி எல்லோருக்கும் கை அசைத்தாள்.

மின்ச்சோவுக்கு ஒரு எதிரி போனால் இன்னொரு எதிரி வேண்டும். "அப்போ வெட்டுங்க அந்த மரத்தை!" என்றான்.

நான் என் மதில் பக்கம் நகர்ந்தேன்.

நெவ்யானா தோளிலிருந்தே சொன்னாள். "மரம் என்ன பண்ணும்? அது அங்கேயேதான் நிக்குது. நாமதான் போய் அது கால்மேல தக்காளியை நட்டோம். பாத்தியை மாத்தினா போச்சு. எங்க வேலிக்கு அந்தப் பக்கம் நிறைய இடம் இருக்கு. இல்லப்பா?"

தோன்ச்சோ தலையாட்டினார். "எடுத்துக்கோங்க. உழுது தரேன்."

"அப்போ இந்தப் பாத்தியில?" என்றார் டீச்சர். "வெங்காயம் வருமா?"

"தெரியாது டீச்சர். டப்பாவுல வச்சுப் பாத்தாதான் தெரியும்."

நாற்றுக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் தேவைக்கு மேலே நாற்று போட்டு வைத்திருப்பார்கள். அன்று மாலையே கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். மின்ச்சோ ஒரு கூடை நாற்றைத் தோன்ச்சோவின் வாசலில் வைத்தான். தோன்ச்சோ அவனுக்கு ஒரு நாற்காலி போட்டார். அது போதும்.

புதுப் பாத்திக்கு நெவ்யானா ஒரு பலகை எழுதி நட்டாள்: "வைத்தியம் பார்க்காதீர்கள்." ஸ்தான்கா அதை மூன்று முறை படித்துவிட்டுக் குவளையோடு திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

செப்டம்பரில் அண்டா ஏறியது. தொக்கு காய்ச்சும் முன் நெவ்யானா கூடையிலிருந்து ஒரு பெரிய தக்காளியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நல்லா இருக்கா பாத்துச் சொல்லுங்க தாத்தா."

கண்ணை மூடிக்கொண்டு நான் எதையும் வாயில் போடுவதில்லை. வெட்டி உள்ளே பார்த்தேன். முகர்ந்தேன். பிறகு உப்புப் போட்டுத் தின்றேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்றை வைத்து முடிவு சொல்லக் கூடாது. இன்னொன்று வாங்கித் தின்றேன். அப்புறம் இன்னொன்று.